ஈயமும் இலிதியமும்

எம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை விழாக் கொண்டாடும் இந்நன்னாளில், மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து உதவுக எனப் பணிக்கப்பெற்றோம். சமயமும் இலக்கியமும் பற்றி எழுத வல்லார் பலர் உளர். யாமோ மின்பொறியியலிற் காலங்கழித்தவர்; எனவே, அண்மையில் எம் கையாற் செய்து முடித்த ஒரு பணியையே பொருளாகக் கொண்டோம். அஃது ஒரு பாய்மரப் படகின் ஈயக் கலங்களை அகற்றி, இலிதியக் கலங்களை ஏற்றிய பணி.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரை அடுத்த மோர்ட்டன் குடாவில் அப்படகு நிற்கின்றது. யாமும், எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவரும் அதற்குச் சம உரிமையாளர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சென்றடைந்தது. அத்தகைய கப்பலோட்டிகளின் மரபினர் என்று யாம் எம்மைச் சொல்லிக் கொள்ளத் துணியோம். அவர்கள் விண்மீனையும் காற்றையும் நம்பினர். எம்போல்வார்க்கோ விளக்கும், குளிர்ப்பெட்டியும், தானே சுக்கான் பிடிக்கும் கருவியும், கதிர்ப்பேச்சுக் கருவியும் வேண்டியிருக்கின்றன. இவை யாவும் ஒரு மின்கலவடுக்கையே நம்பியுள்ளன. எஞ்சினை இயக்குதற்கு வேறொரு கலம் உண்டு. படகில் வாழ்வார்க்குரிய பெரிய அடுக்கை இல்லக் கலவடுக்கு என்போம்.

எமது பழைய இல்லக் கலவடுக்கு நான்கு ஈயவமிலப் பற்றரிகளால் ஆயது. ஒவ்வொன்றும் 100 அம்பியர்-மணி கொள்ளளவும் ஏறத்தாழ 30 கிலோகிராம் நிறையும் உடையது. ஆயினும் அந்த 400 அம்பியர்-மணியில் யாம் எடுக்கத் துணிந்தது பாதியே. அதற்குமேல் எடுப்பின் ஈயத்தகடுகளின் வாழ்நாள் விரைந்து குறையும். அன்றியும், ஈயக்கலம் நிரம்பும்போது இறுதி ஐந்திலொரு பங்கிற்குப் பல மணிநேரம் செல்லும். கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859இல் ஆக்கிய இக்கலம் மனிதகுலத்துக்குச் செய்த தொண்டு சிறிதன்று. கல்லூரி ஆய்வுகூடத்தில், அமிலத்தை நீரிற் சேர்க்கவேண்டுமேயன்றி நீரை அமிலத்திற் சேர்த்தலாகாது என்று ஆசிரியர் எச்சரித்துக் கற்பித்ததும் இக்கலத்தை முன்வைத்தன்றோ!

புதிய கலமோ இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலம். ஜோன் குடினஃப் என்னும் அமெரிக்க அறிஞர் தம் துணைவரோடு ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1997இல் இதனை உலகுக்கு அறிவித்தார். இலிதியக் கலங்களின் ஆக்கத்திற்காக 2019இல் நோபற் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது 97. இவ்வகையில் ஒரு கலம் 3.2 உவோற்று தரும். நான்கினைத் தொடராய் இணைப்பின் 12.8 உவோற்று. யாம் வாங்கிய 300 அம்பியர்-மணி அடுக்கின் நிறை 40 கிலோகிராமுக்கும் குறைவு. அதில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். மூன்றிலொரு பங்கு நிறையில் முன்னையினும் மிகுந்த பயன் கிடைக்கின்றது.

நிற்க. நண்பர் ஒருநாள் மலர்ந்த முகத்தோடு வந்து, "பழையதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தாற் போதும் என்று விற்பவர் சொல்லுகிறார். அதே கம்பி, அதே எஞ்சின். ஒரு பின்னேர வேலை," என்றார். "வைக்கும் இடம் எது?" என்று வினவினோம். "பழைய இடந்தான், நடு அறை இருக்கையின் கீழ்," என்றார். அவ்விருக்கையின்மேல், விடுமுறை நாட்களில், அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் உறங்குவர். அதனை நினைவூட்டியபின் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சரி, நீர் சொல்லும்படி செய்வோம்," என்றார். பின்னேர வேலை ஐந்து வாரப் பணியாயிற்று.

இலிதியம் என்றவுடன் தீயை எண்ணுவார் பலர். கைபேசியிலும் மடிக்கணினியிலும் பெரும்பாலும் உள்ள கோபாற்றுச் சேர்ந்த கலம் வேறு, இது வேறு. இரும்புப் பொசுபேற்று, சூடேறியவிடத்தும் ஒட்சிசனை எளிதில் விடுவதில்லை. ஆகலின் தானே எரிந்து பரவும் இயல்பு இதற்குக் குறைவு. குறைவென்றோமேயன்றி இல்லையென்றிலோம். அளவுமீறி மின்னேற்றினும் நசுக்கினும் இதுவும் எரியத்தக்க வாயுவை உமிழும். அன்றியும், படகுகளில் ஆபத்து பெரும்பாலும் கலத்தினுள்ளே பிறப்பதன்று. கலத்தைச் சூழ்ந்த கம்பியிலும் பிறப்பாக்கியிலும் பிறப்பது. இதனை மூன்று கூறாக்கி நோக்கினோம்.

முதலாவது, எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கி. ஈயக்கலம் நிரம்ப நிரம்பத் தானே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனாற் பிறப்பாக்கிக்கு ஓய்வு கிடைக்கும். இலிதியக் கலத்தின் அகத்தடை மிகச் சிறியது; அஃது ஏறத்தாழ நிரம்பும்வரை, கொடுத்ததையெல்லாம் வாங்கும். எஞ்சின் மெல்ல ஓடுகையிற் பிறப்பாக்கியின் விசிறியும் மெல்லச் சுழல்வதாற் குளிர்ச்சி குறையும், சுருள் கருகும். ஆகவே பிறப்பாக்கியை எஞ்சினுக்குரிய ஈயக்கலத்தோடு மட்டும் இணைத்து, அதிலிருந்து இலிதிய அடுக்குக்கு 30 அம்பியருக்கு மேற் செல்லவிடாத ஓர் இடைநிலை மின்னேற்றியை அமைத்தோம்.

இரண்டாவது, திடீர்த் துண்டிப்பு. இலிதிய அடுக்கினுள் 'பி. எம். எஸ்.' எனப்படும் காவற்கருவி ஒன்று உண்டு. எக்கலமேனும் 3.65 உவோற்றை விஞ்சினாலோ, மிகத் தாழ்ந்தாலோ, அது தொடர்பை வெட்டிவிடும். கலத்துக்கு அது காப்பு. படகுக்கோ சில வேளைகளில் இடர். முழு ஓட்டத்தோடு சுழலும் பிறப்பாக்கி ஒரு நொடியிற் சுமையை இழப்பின், உவோற்றளவு பாய்ந்தெழுந்து அதன் இருவாயிகளையும் படகின் நுண்கருவிகளையும் அழித்துவிடும். ஈயக்கலம் பிறப்பாக்கியோடு என்றும் இணைந்திருப்பதால் இவ்விடரும் நீங்கிற்று. அன்றியும், நள்ளிரவில் கப்பல்கள் செல்லும் வழியில் காவற்கருவி வெட்டிவிடின் வழிகாட்டு விளக்கும் கதிர்ப்பேச்சும் ஒருங்கே அணையும். ஆகலின் அவ்விரண்டையும் எஞ்சின் கலத்துக்கு மாற்றும் ஆளியொன்றைச் சுக்கானருகே பொருத்தினோம்; வெட்டு நிகழுமுன் ஒலிக்கும் எச்சரிக்கை மணியொன்றும் வைத்தோம்.

மூன்றாவது, குறுஞ்சுற்று. கைதவறிய ஒரு சாவி இரு முனைகளையும் தொட்டாற் பல்லாயிரம் அம்பியர் பாயும். சிறிய உருகிகள் அத்தகைய ஓட்டத்தை அறுக்கமாட்டாது, தாமே மின்வில்லாய் எரியும். 20,000 அம்பியர்வரை அறுக்கவல்ல 'ரி' வகுப்பு உருகியை நேர்முனையை அடுத்தே பொருத்தினோம். கம்பிகளையும் தடித்தனவாக மாற்றினோம். அடுக்கை எஞ்சின் வெப்பம் எட்டாத, நீர் ஏறாத ஓரிடத்துக்குக் கொண்டுசென்று, படகு உருண்டாலும் அசையாவண்ணம் பிணித்தோம். பிள்ளைகள் உறங்கும் இருக்கையின் கீழ் இன்று கயிறுகளே உள்ளன.

எஞ்சியவை சிறியனவெனினும் விடத்தக்கனவல்ல. கரைமின்னேற்றியிலும் சூரியத்தகட்டு ஒழுங்காக்கியிலும் 14.2 உவோற்றை எல்லையாக்கினோம். ஈயக்கலத்துக்கென அமைந்த சமனாக்கு மின்னேற்றத்தையும் வெப்பநிலைத் திருத்தத்தையும் நீக்கினோம். இலிதியத்தின் உவோற்றளவு நிரம்பிய நிலைக்கும் வறிய நிலைக்குமிடையே பெரிதும் மாறாமையால், உவோற்றுமானியை நம்பாது, உட்சென்றதையும் வெளிச்சென்றதையும் எண்ணும் கணக்குக்கருவி அமைத்தோம். ஈயக்கலத்தை நிரப்பி வைத்தல் வேண்டும். இலிதியத்தையோ நெடுநாள் விட்டுச் செல்கையிற் பாதியளவில் வைத்தலே நன்று. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் ஒன்றை மறவாதிருப்பாராக: பூச்சியப் பாகைக்குக் கீழ் இக்கலத்தை மின்னேற்றின், இலிதியம் உலோகமாய்ப் படிந்து கலத்தைக் கெடுக்கும்.

பணி முடிந்தபின், துறையிற் கட்டியவாறே எஞ்சினை ஓடவிட்டு, இலிதிய அடுக்கை வேண்டுமென்றே துண்டித்தோம். பிறப்பாக்கியின் உவோற்றளவு 14.4இல் அசையாது நின்றது. இருளில் ஆளியை மாற்றினோம், விளக்குகள் எரிந்தன. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்தோம். இச்சேர்க்கைகளுக்கான செலவு கலவடுக்கின் விலையில் ஏறத்தாழப் பாதியாயிற்று. விற்பவர் சொல்லாது விட்ட பாதி அதுவே.

2019 செப்ரெம்பர் 2ஆந் திகதி, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே கொன்செப்ஷன் என்னும் படகு தீப்பற்றி, கீழறையில் உறங்கிய 34 பேர் மாண்டனர். பற்றரிகளையே பலர் பழித்தனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையோ தீயின் தோற்றத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றது. ஆனால் இரவில் விழித்துச் சுற்றிவரும் காவலர் இல்லாமையைத் தெளிவாகச் சுட்டியது. புதிய பொருளைப் பழித்தல் எளிது, விழித்திருத்தலே அரிது.

மாணவச் செல்வங்களே! இக்கலங்கள் இன்று வீட்டுக்கூரைச் சூரியத்தகடுகளோடும் சேர்ந்து எங்கும் பரவுகின்றன. இவற்றை உங்களுக்கு விற்க வருவோர் பலராவர். ஓட்டம் எங்கே பிறக்கின்றது, எவ்வழிச் செல்கின்றது, தடைப்படின் எங்கே பாயும் என்னும் மூன்று வினாக்களை அவர்களிடம் கேளுங்கள். இம்மூன்றும் உங்கள் பௌதிக வகுப்பிலேயே உள்ளன. யாமும் அவற்றை அங்கேயே கற்றோம். அவ்வகுப்பறையைத் தந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க!