டிசம்பரில் கிடைத்த இடம்

அமெரிக்காவில் பேரன் பேத்தி உள்ள நம் நண்பர்கள், நவம்பர், டிசம்பர் மாதங்களில் போனில் பேசும்போது 'ஏர்லி போட்டிருக்கிறான்', 'ஏர்லியிலேயே கிடைத்துவிட்டது' என்று சொல்வதுண்டு. பள்ளிப் படிப்பு முடியாமலே கல்லூரியில் இடம் எப்படி என்று கேட்டால் விவரமாகச் சொல்பவர் குறைவு. 2023 செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் நாங்கள் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தோம். அப்போது பேத்தி இந்த வழியில்தான் விண்ணப்பித்தாள். கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நம் காலத்தில் பி.யூ.சி. மார்க் ஷீட் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பப் படிவம் வாங்கப் போவோம். நோட்டீஸ் போர்டில் பெயர் இருந்தால் இடம் உண்டு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய இரண்டு மாதத்தில், பெரும்பாலும் நவம்பர் 1-க்குள், விண்ணப்பம் போய்விட வேண்டும். டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துவிடும். மற்றவர்கள் ஜனவரி தொடக்கத்தில் அனுப்பிவிட்டு மார்ச் கடைசி வரை காத்திருப்பார்கள்.

இதில் இரண்டு வகை. 'ஏர்லி ஆக்‌ஷன்' என்றால் இடம் கிடைத்தாலும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மே 1 வரை யோசிக்கலாம். 'ஏர்லி டிசிஷன்' ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். இடம் கொடுத்தால் வந்து சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். "நிச்சயதார்த்தம் மாதிரின்னு சொல்லு" என்றாள் என் மனைவி. அதுதான் சரியான விளக்கம்.

பேத்திக்குச் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஆசை. 2021-ல் ஐடா புயல் வந்தபோது அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, இரவெல்லாம் இறைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கான கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினாள். 650 சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்பதால் அழித்து அழித்து எழுதினாள்.

அவள் மனசில் இரண்டு கல்லூரிகள். ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரின்ஸ்டன். அங்கே கட்டாயம் இல்லாத ஏர்லி. ஆனால் அதைப் போட்டால் வேறு தனியார் கல்லூரிக்கு ஏர்லி போடக்கூடாது. இன்னொன்று நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னெல். அங்கே கட்டாயமுள்ள ஏர்லி டிசிஷன். கையில் இருப்பது ஒரே அம்பு. "கார்னெல்தான் புத்திசாலித்தனம்" என்றார் மாப்பிள்ளை. "வருஷத்துக்கு 90,000 டாலருக்கு மேல ஆகும். பில்லைப் பாக்காம கையெழுத்துப் போடறதா?" என்றாள் மகள். இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு.

கடைசியில் பேத்திதான் முடிவு செய்தாள். மின்சாரம் இல்லாமலே ஓடக்கூடிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கார்னெல் மாணவர்கள் ஹோண்டுராஸ் நாட்டு ஊர்களுக்காக வடிவமைக்கிறார்கள். "தாத்தா, எனக்கு அந்த வேலை செய்யணும்" என்றாள். பதினேழு வயதுப் பெண் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. மகள் அழுதாள், என் மனைவி ரவா கேசரி கிளறினாள். பேத்தி மட்டும் கொஞ்ச நேரத்திலேயே அமைதியாகிவிட்டாள். காரணம் அவளுடைய தோழி.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள், மார்க்கிலும் சமம். தோழியின் அப்பா பஸ் டிரைவர், அம்மா நர்ஸ், அவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று நாலைந்து கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அவர்களால் முடிவு செய்ய முடியும். உதவித்தொகை போதவில்லை என்றால் ஏர்லி டிசிஷனிலிருந்து விலகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் விலகினால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடிதம் கையில் இருக்காது. அதனால் அவள் ஏர்லி டிசிஷன் போடவே இல்லை.

இதை அங்கேயே பலரும் சொல்லியிருக்கிறார்கள். 2003-ல் மூன்று ஆய்வாளர்கள் 'தி ஏர்லி அட்மிஷன்ஸ் கேம்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். முன்கூட்டி விண்ணப்பிப்பது, எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாக எடுப்பதற்குச் சமம் என்று அதில் கணக்குக் காட்டினார்கள். வசதி உள்ளவர்களுக்கே இது சாதகம் என்று ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் ஏர்லி முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. மற்ற பெரிய கல்லூரிகளில் பல பின்தொடராததால் 2011-ல் திரும்பக் கொண்டுவந்தன. யார் நிச்சயம் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிவது கல்லூரிகளுக்கும் சௌகரியம்தானே?

பேத்தியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவு ஒரு மணி வரை அவள் அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தவன் நான். ஆனால் 'எவ்வளவு ஆனாலும் வருகிறேன்' என்று அவளால் சொல்ல முடிந்தது, அவள் அப்பா அம்மா பின்னால் நின்றதால். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. கல்லூரி பெயர் போட்ட பனியன் ஒன்றை மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தார். அதைப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. "எல்லாருக்கும் ரிசல்ட் வரட்டும் தாத்தா" என்றாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழி தினமும் வீட்டுக்கு வருவாள். இருவரும் உட்கார்ந்து அவளுடைய கட்டுரைகளைத் திருத்துவார்கள்.

நாங்கள் மார்ச் தொடக்கத்தில் ஊர் திரும்பிவிட்டோம். அந்த வருடம் பார்த்து, 'ஃபாஃப்சா' என்ற அரசு உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதிதாக மாற்றியதில் குளறுபடியாகி, பல கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்கள் தாமதமாயின. தோழி இரண்டு பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும், கடைசியில் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சேர்ந்தாள். அங்கேதான் கடன் வாங்காமல் படிக்க முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அன்று இரவு பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். இருவரும் அவரவர் கல்லூரிப் பனியன் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் 'ஏர்லி' என்று சொன்னால், எந்த ஏர்லி என்று முதலில் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பணத்தைப் பற்றியும் வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். பெரியவர்கள் நாம் கேட்டால் பிள்ளைகள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.