கூத்தாடிக்கு எதற்கு வண்டி?

நாலு சக்கர மரவண்டியின் பழைய படம் ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் முன்சக்கரம் சின்னதாகவும் பின்சக்கரம் பெரிதாகவும் இருக்கும். காரணம் அழகு இல்லை. வண்டி வளையும்போது முன்னச்சு முழுவதும் திரும்ப வேண்டும். சக்கரம் பெரிதானால் அடிப்பலகையில் போய் இடிக்கும். சின்னதானால் பலகைக்குக் கீழே புகுந்துகொள்ளும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதில் பெரிய சுவாரசியம் கிடையாது. லெகோ கட்டைகளில் ஒரு வண்டியைக் கட்டி, அச்சை இப்படியும் அப்படியும் திருப்பி, சக்கரம் எந்த இடத்தில் முட்டுகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தால் ஒரு தச்சனின் கர்வம் வந்துவிடுகிறது. என் வயதுக்குப் பொருத்தமில்லாத கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் கட்டியது இடைக்கால ஐரோப்பாவின் கூத்தாடிகள் வண்டி. ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் பல்டியும் பந்து வித்தையும் காட்டிப் பிழைத்தவர்களுக்காக. லெகோவில் வண்டிச் சக்கரம் இரண்டு அளவில் உண்டு: 33 மில்லிமீட்டர், 27 மில்லிமீட்டர். ஆரக்கால், குடம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அந்த உலகத்து மனிதன் நாலு சென்டிமீட்டர் உயரம். அவனை ஐந்தரை அடி ஆள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய சக்கரம் நாலரை அடி வருகிறது. நிஜ வண்டிக்கு ஒத்துப்போகிற அளவு. இடுப்பின் அகலத்துக்கும் அதே கணக்கைப் போட்டேன். ஆள் இரண்டடிக்கு மேல் பருத்துவிட்டான். சத்திரத்துச் சோற்றை நம்பி வாழ்ந்த கூத்தாடிக்கு இவ்வளவு உடம்பு ஆகாது.

வண்டியின் பக்கப்பலகைக்குக் கீல் வைத்திருக்கிறேன். இறக்கிவிட்டால் அதுவே மேடை. பின்னால் சிவப்புத் திரை. மேலே வளைந்த கூண்டு. சின்னச் சின்னப் பலகைகளை ஒன்றுக்கொன்று சாய்வாகக் கோத்தால் துணி போலத் தெரியும். அடிப்பலகைக்கு மரக்கோடு அச்சடித்த பழுப்பு வில்லைகள். லெகோவே ஒரு தச்சர் தொடங்கியதுதான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரத்தில் பொம்மை செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கு நாம் பார்க்கும் பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958இல். 1960இல் மரப்பொம்மைக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. அதோடு மரத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது அதே கம்பெனி பிளாஸ்டிக்கின் மேல் மர ரேகை போட்டு விற்கிறது. நானும் காசு கொடுத்து வாங்குகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் வண்டியைக் கையில் எடுத்துக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மேளம், குழல், முகமூடி, ஏணி, ஒரு பீப்பாய் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

“இதுல அவங்க எங்க மாமா தூங்குவாங்க?”

“வண்டிக்கு அடியிலதான்.”

“மழை பெஞ்சா?”

“அதான் மேல வண்டி இருக்கே.”

“கீழ சேறு ஆகாதா?”

பதில் சொல்லாமல் அவளிடமிருந்து வண்டியை வாங்கி வைத்துவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கம் போனேன். அவள் கேட்ட கேள்வி லேசான கேள்வி இல்லை.

படுக்கவும் சமைக்கவும் இடம் உள்ள வண்டிவீடு ஐரோப்பியச் சாலைகளில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். சர்க்கஸ்காரர்களும் வித்தைக்காரர்களும் பிறகு ரோமா மக்களும் அதில் குடியிருந்தார்கள். டிக்கன்ஸ் 1840இல் எழுதத் தொடங்கிய ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ நாவலில் மெழுகுப் பொம்மைக் கண்காட்சி நடத்தும் ஜார்லி அம்மாள் வருகிறாள். அவளுக்கு ஜன்னல் திரை போட்ட வண்டிவீடு உண்டு. வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு பெரிய மேளத்தையே மேசையாக்கித் தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். இடைக்காலக் கூத்தாடி என்றதும் நம் மனதில் ஓடுகிற வண்டி உண்மையில் இந்த அம்மாளுடையது. ஐந்நூறு வருடம் பின்னால் தள்ளி வைத்துவிட்டோம்.

தள்ளி வைத்தவர்களில் சினிமா இயக்குநர் பெர்க்மனுக்கும் பங்கு உண்டு. 1957இல் வந்த ‘ஏழாவது முத்திரை’ படத்தில் யோஃப், மியா என்ற கூத்தாடித் தம்பதி தங்கள் குழந்தையோடு ஒரு வண்டியில் படுத்து உறங்குவார்கள். யோஃப் விடிகாலையில் எழுந்து வெளியே வருவான். புல்வெளியில் கன்னி மரியாள் குழந்தைக்கு நடை பழக்குவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். கொள்ளைநோய் ஊர்களைத் தின்றுகொண்டிருக்கும். பெரிய வீரன் மரணத்தோடு சதுரங்கம் ஆடித் தோற்பான்; இந்த ஓட்டை வண்டி மட்டும் தப்பித்துப் போய்விடும். அந்த வண்டியைப் பார்த்தவன் வேறொரு வண்டியைக் கற்பனை செய்ய முடியாது. நான் கீல் வைத்த பக்கப்பலகையும் சிவப்புத் திரையும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நிஜத்தில் அவர்கள் நடந்தார்கள். பிரபுக்களிடம் சம்பளம் வாங்கிய பாடகர்களுக்குக் குதிரை கிடைத்தது. மற்றவர்களுக்குத் தோளில் ஒரு மூட்டை, முதுகில் வாத்தியம். வண்டி வைத்திருந்தால் மாட்டுக்கோ குதிரைக்கோ தீனி போட வேண்டும், சுங்கச்சாவடியில் காசு அழ வேண்டும், மழைக்காலத்துச் சேற்றில் சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். பல்டி அடிப்பவனுக்கு அவன் உடம்புதான் சரக்கு. அதைச் சுமக்கத் தனியாக வண்டி எதற்கு?

இடைக்காலம் முடிந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இத்தாலியில் பதுவா நகரத்தில் 1545 பிப்ரவரி 25ஆம் தேதி எட்டு நடிகர்கள் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தொழில்முறை நாடகக் குழு ஒன்றின் மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்று என்று நாடக வரலாற்றில் அதற்குப் பெரிய பேர். எனக்குப் பிடித்தது அதன் சில்லறை விஷயங்கள். யாராவது நோயில் படுத்தால் பொதுப் பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் சீட்டாடக் கூடாது. சாப்பிடுகிற பண்டத்தைப் பந்தயம் வைத்தால் மட்டும் பரவாயில்லை. வசூலைப் போட்டுவைக்க ஒரு பெட்டி, அதற்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு! ஊர் விட்டு ஊர் சாமான்களைச் சுமந்து போவதற்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குதிரை வாங்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரே குதிரை, அதுவும் சாமானுக்கு. ஆட்கள் அதன் பக்கத்தில் நடந்திருப்பார்கள்.

அலமாரியில் தேடப்போன இடத்தில் வேறொன்றும் சிக்கியது. வண்டி விஷயத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அது மறக்கடித்துவிட்டது. ‘சாக்சன்ஷ்பீகல்’ என்று ஒரு சட்டநூல். சாக்சனி வட்டாரத்து வழக்கங்களை ஐக்கே ஃபான் ரெப்கோ என்பவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் ஜெர்மன் மொழியில் தொகுத்தது. படம் போட்ட கையெழுத்துப் பிரதிகள் நான்கு மிஞ்சியிருக்கின்றன. அதில் ஓர் இடத்தில், அடிபட்டவனுக்கும் அவமானப்பட்டவனுக்கும் அடித்தவன் என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்று அந்தஸ்து வாரியாக ஒரு விலைப்பட்டியல் வருகிறது. மேல்மட்டத்துக்கு நல்ல வெள்ளி. இறங்க இறங்கத் தொகை குறையும். கூலியாளுக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையும் எரு அள்ளுகிற கவைக்கோலும். பாதிரியாருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு, ஒரு வயதுக் காளைகள் இரண்டு இழுக்கிற அளவு வைக்கோல். திருடிப் பிடிபட்டு மரியாதை போனவனுக்கு இரண்டு துடைப்பமும் ஒரு கத்தரிக்கோலும். கூலிக்குச் சண்டை போடுகிறவனுக்கு, வெயிலில் கேடயம் அடிக்கிற பளபளப்பு.

கூத்தாடிக்கு? ஒரு மனிதனின் நிழல்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கே எழுதப்பட்ட ‘ஷ்வாபன்ஷ்பீகல்’ இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறது. கூத்தாடியை அடித்தவன் வெயில் படுகிற ஒரு சுவருக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். சுவரில் விழுகிற அவன் நிழலின் கழுத்தில் கூத்தாடி ஓர் அடி அடித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது.

பேருக்கு ஒரு ஈடு, உள்ளே கேலி என்பதுதான் இதற்கு வழக்கமான விளக்கம். பாசாங்கு செய்து பிழைப்பவனுக்குப் பாசாங்கான நீதி. சரி. ஆனால் எனக்குச் சில நடைமுறைச் சந்தேகங்கள். எத்தனை மணிக்கு நிற்க வைப்பார்கள்? நடுப்பகலில் நிழல் குள்ளம். சுவர் வரை எட்டாமல் தரையிலேயே விழுந்துவிடலாம், கழுத்தை அடிக்கக் குனிய வேண்டும். நவம்பரில் ஒரு கூத்தாடி உதை வாங்கினால் என்ன செய்வது? ஜெர்மானியக் குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? வசந்தம் வரும்வரை வாய்தாவா? வாய்தா வாங்கினால் வழக்குத் தொடுத்தவன் அதற்குள் பத்து ஊர் தாண்டியிருப்பானே.

இன்னொன்றும் தோன்றுகிறது. சுவர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, வேடிக்கை பார்க்க ஊர் கூடியிருக்கிறது, நடுவில் அசையாமல் நிற்க வேண்டிய கட்டாயத்தில் ஒரு பெரிய மனிதன். இப்படி ஓர் அமைப்பைத் தொழில் தெரிந்த கூத்தாடியின் கையில் கொடுத்துவிட்டு, அவன் ஓர் அடி அடித்துவிட்டு வணக்கம் போட்டுப் போய்விடுவான் என்று எதிர்பார்த்தார்களா? கையை ஓங்குவான், நிறுத்துவான். நிழலின் மூக்கை அளந்து பார்ப்பான். அடித்துவிட்டுக் கை வலிப்பதாக ஊதிக்கொள்வான். சட்டம் அவனை இழிவுபடுத்தத்தான் எழுதப்பட்டது. எழுதியவர்கள் தங்களை அறியாமல் அவனுக்கு ஒரு மேடை கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். உண்மையில் இது எத்தனை முறை நிறைவேறியதோ, நிறைவேறாமலே போனதோ, சிரித்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மேடை வைத்த வண்டியே அந்தக் காலத்தில் இல்லையா என்றால், இருந்தது. நன்றாகவே இருந்தது. அது கடைக்காரர்களிடம் இருந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி திருநாளில் உலகம் படைத்தது முதல் இறுதித் தீர்ப்பு வரை பைபிள் கதையை வண்டிகளின் மேல் நடத்துவார்கள். மிக்கில்கேட்டில் விடியற்காலையில் தொடங்கி, தெருத்தெருவாக நிறுத்தி நிறுத்தி ஆடிக்கொண்டு, பேவ்மென்ட் என்ற சந்தைத் தெருவில் முடிப்பார்கள். காட்சிக்கு ஒரு தொழிற்சங்கம். கப்பல் கட்டுகிறவர்களுக்கு நோவாவின் பேழை. ரொட்டி சுடுகிறவர்களுக்குக் கடைசி இராப்போசனம். ஆணி, ஊசி செய்கிறவர்களுக்குச் சிலுவையில் அறைகிற காட்சி. யார் பங்கு பிரித்தார்களோ, அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கறுப்பு. பெருவணிகர்களுக்கு இறுதித் தீர்ப்பு. அவர்கள் 1433இல் தங்கள் வண்டிச் சாமான்களுக்கு எழுதிவைத்த பட்டியல் 1971இல் கிடைத்தது. நாலு சக்கர வண்டி ஒன்று. நரகத்தின் வாய் ஒன்று. சொர்க்கத்தைத் தாங்க இரும்புக் கம்பிகள் நாலு. கடவுள் ஏறி உட்கார்ந்து மேலே போவதற்கு, நாலு மூலையிலும் கயிறு கட்டிய இரும்புச் சட்டம். சிவப்புச் சாயம் பூசிய குட்டித் தேவதூதர்கள் ஒன்பது. அவர்களைச் சொர்க்கத்தில் சுற்றிச் சுற்றி ஓடவைக்க நீளமான மெல்லிய கயிறு. மூன்று சாத்தான்களுக்கு மூன்று உடுப்பு, மூன்று முகமூடியில் ஆறு முகம்.

கடைசி வரியைப் படித்ததும் எழுந்து டப்பாவைக் கிளறினேன். லெகோ ஆட்களில் பலருக்குத் தலையின் இரண்டு பக்கமும் முகம் உண்டு. முன்னால் சிரிப்பு, பின்னால் கோபம். தேவையில்லாத முகத்தை முடி மறைத்துக்கொள்ளும். யார்க் வணிகர்கள் கிட்டத்தட்ட ஆறு நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வணிகர்கள் வேறு என்ன செய்வார்கள்? இரண்டு பக்கமும் வேலை வாங்காமல் ஒரு முகமூடிக்குச் செலவு செய்ய அவர்களுக்கு மனம் வராது.

ஆக, அந்த வண்டிகளின் மேல் ஆடியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். ஊர்வலம் முடிந்ததும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தவர்கள். வண்டியில் தூங்குகிற அவசியமே அவர்களுக்கு இல்லை. தூங்க இடம் தேடி அலைந்தவர்களிடம் வண்டி இல்லை. 1569க்குப் பிறகு அந்த வண்டிகளும் நின்றுவிட்டன. புதிய மதத் தலைமைக்கு அந்தக் கூத்து பிடிக்கவில்லை. 1951இல்தான் யார்க் அதை மறுபடி தொடங்கியது.

இவ்வளவையும் அக்கா மகளிடம் சுருக்கிச் சொன்னேன். “அப்ப வண்டியப் பிரிச்சிரு மாமா” என்றாள். பிரிக்கவில்லை. முன்சக்கரம் அவ்வளவு அழகாகத் திரும்புகிறது. அது மட்டும் காரணம் இல்லை. உயிரோடு இருந்தபோது நிழலைத் தவிர ஒன்றும் கிடைக்காதவர்களுக்குப் பின்னால் வந்த நாவல்காரர்களும் சினிமாக்காரர்களும் பொம்மைக்காரர்களும் சேர்ந்து ஒரு வண்டி கொடுத்திருக்கிறார்கள். வரலாற்றைக் காட்டி அதைப் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேளத்தையும் பீப்பாயையும் வெளியே எடுத்துவிட்டு உள்ளே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் செய்திருக்கிறேன். வரலாற்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பில்லுண்டில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. கோட்டை போட்டாகிவிட்டது, சந்தை போட்டாகிவிட்டது, கொல்லன் பட்டறையும் வந்துவிட்டது. அடுத்தது பதுவா நகரத்து எட்டுப் பேரைப் போடுங்கள். ஒரு குதிரை, ஒரு பணப்பெட்டி, மூன்று சாவி. சக்கரம் வேண்டியதில்லை, அந்தக் காசை விலையில் குறைத்துவிடுங்கள்.