மருமகளின் டிப்ளமா

"ஆம்புலன்ஸிலே போறதுக்கு ஒரு படிப்பா?" என்று என் தங்கை திருச்சியிலிருந்து போனில் கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் 'பாராமெடிக்கல்' என்றால் லாப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவோம். நான் மகனோடு வந்து தங்கியிருக்கும் மெல்போர்னில் பாராமெடிக் என்பது தனித் தொழில். 000 என்று மூன்று சைபரை அழுத்தினால் வாசலுக்கு வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்க மட்டும் வருவதில்லை. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், மூச்சுத் திணறுகிறவருக்கு அங்கேயே மருந்து கொடுக்கிறார்கள்.

அந்த வேலைக்குத்தான் என் மருமகள் படிக்கிறாள். வயது 34, இரண்டு குழந்தைகள். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பி.காம். இரண்டாவது வருஷத்தில் கல்யாணம் ஆனதும் படிப்பு நின்றது. உயிரியல் புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு மூடி வைத்தவள். இப்படிப்பட்டவள் நேரே பல்கலைக்கழக வாசலில் போய் நின்றால் என்ன நடக்கும்? அதனால் முதலில் டிப்ளமா என்று முடிவு செய்தாள்.

விசாரிக்கப் போன முதல் பயிற்சி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) வரவேற்பு தடபுடலாக இருந்தது. "ஒன்றரை வருஷம், அப்புறம் நீங்கள் பாராமெடிக்" என்றார்களாம். பணம் கட்டும் காகிதத்தையும் உடனே நீட்டிவிட்டார்கள். இவள் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து, ராத்திரி குழந்தைகள் தூங்கினபின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். 2018 டிசம்பர் 1 முதல் ஆஸ்திரேலியா முழுவதும் பாராமெடிக்குகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். பதிவைக் கொடுப்பது பாராமெடிசின் போர்டு. எந்தெந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறோம் என்று அந்தப் போர்டே பட்டியல் வெளியிட்டிருக்கிறது. இவள் சேர இருந்த டிப்ளமா அதில் இல்லை. 'எமர்ஜென்சி ஹெல்த் கேர்' டிப்ளமா முடித்தால் நோயாளிகளை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வண்டியிலோ, விளையாட்டு மைதானங்களில் முதலுதவிக் குழுவிலோ வேலை தேடலாம். ஆனால் பாராமெடிக் ஆக முடியாது. அதற்குப் பட்டம் வேண்டும்.

"அப்போ எதுக்கு டிப்ளமா? காசுக்குப் பிடிச்ச கேடா?" என்றான் என் மகன்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "ஏண்டா, நீ மட்டும் எப்படிப் படிச்சே?" என்று கேட்டேன். அவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தவன்! அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. இந்த நாட்டில் படிப்புகளைப் பத்துப் படிகளாக வகுத்திருக்கிறார்கள். டிப்ளமா 5ஆம் படி, இளநிலைப் பட்டம் 7ஆம் படி. அதே துறையில் மூன்று வருஷப் பட்டமானால், டிப்ளமாவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழித்துக் கொடுக்கலாம் என்று பொதுவான ஒரு வழிகாட்டுதல் உண்டு. அது பேச்சை ஆரம்பிக்கத்தான் உதவும். முடிவு சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். ஓரிடத்தில் ஒரு வருஷமே குறையலாம், ஓரிடத்தில் இரண்டு மூன்று பாடங்களோடு சரி. இன்னோரிடத்தில் டிப்ளமாவைப் பார்த்துச் சீட் கொடுப்பார்கள், பாடம் ஒன்றைக்கூடக் கழிக்கமாட்டார்கள்.

என் மருமகள் டிப்ளமாவுக்குப் பணம் கட்டுமுன்பே பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டாள். 'இந்த நிறுவனத்தில் இந்த டிப்ளமா முடித்தால் எத்தனை பாடம் கழிப்பீர்கள்?' என்று. பதிலை எழுத்திலேயே வாங்கி பைலில் வைத்துக்கொண்டாள். பயிற்சி நிறுவனம் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பையன் வீட்டை விசாரிப்பதுபோல விசாரித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயம் ஒன்று உண்டு. இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றிருந்தாலும், குடியுரிமை வாங்காதவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கையிலிருந்துதான் கட்டவேண்டும். குடிமக்களுக்கு அரசாங்கக் கடன் உண்டு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினபிறகு வரியோடு பிடித்துக்கொள்வார்கள். இவள் குடியுரிமை கிடைத்த பிறகே ஆரம்பித்தாள். அவசரப்பட்டிருந்தால் வீட்டுக் கடனோடு இதுவும் சேர்ந்து என் மகனின் முதுகை ஒடித்திருக்கும்.

டிப்ளமா படித்த ஒன்றரை வருஷமும் எங்கள் வீடு குட்டி ஆஸ்பத்திரிதான். ரத்த அழுத்தம் பார்த்துப் பழக என் கை. என் பிரஷர் இந்தத் தெருவுக்கே தெரியும்! சோபாத் தலையணையை வைத்துக்கொண்டு நெஞ்சை அழுத்தப் பழகுவாள். 30 அழுத்தம், 2 மூச்சு என்று பெரியவள் எண்ணுவாள். பேத்தியின் கையில் கொதிக்கும் ரசம் தெறித்த அன்று, பேஸ்ட், இங்க் எதையும் கிட்டே கொண்டுவரவிடாமல், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை கத்தின கத்தலுக்கு நானாயிருந்தால் இரண்டு நிமிஷத்தில் விட்டிருப்பேன்.

டிப்ளமா முடிந்து பல்கலைக்கழகம் போனாள். மொத்தம் 24 பாடங்களில் 4 கழிந்தது. "இவ்வளவுதானா?" என்று எனக்குக் குறைதான். அவள்தான் விளக்கினாள்: "அத்தை, ஒருத்தருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு அடைச்சா, தொடையிலே அட்ரினலின் ஊசி எப்படிப் போடணும்னு டிப்ளமாவிலே கத்துக்கொடுத்தாங்க. அந்த மருந்து ரத்தக்குழாயை என்ன பண்ணுது, மூச்சுக்குழாயை எப்படித் திறக்குதுன்னு இங்கே கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையே!"

முதல் பருவத்தில் உடலியல் பாடம் அவளை உலுக்கித்தான் எடுத்தது. பக்கத்தில் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் மடமடவென்று எழுத, இவளுக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுதவே ராத்திரி இரண்டு மணி ஆகும். ஒருநாள் அடுக்களையில் நின்று அழுதாள். நான் எதுவும் கேட்கவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால் செய்முறை வகுப்பு வந்ததும் நிலைமை மாறியது. ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கவும், பதறுகிற நோயாளியிடம் பேசவும், ஈ.சி.ஜி. ஒயரை எங்கே ஒட்டுவதென்று காட்டவும் அந்தப் பிள்ளைகள் இவளைத் தேடி வந்தார்கள். கழிந்த 4 பாடத்தைவிட இந்தத் தைரியம்தான் அந்த டிப்ளமா கொடுத்த பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது இரண்டாம் வருஷம். இந்த மாதம் ஆம்புலன்ஸில் நேரடிப் பயிற்சி. ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். குழந்தைகளுக்குத் தலை வார என் மகன் பழகிவிட்டான். வகிடு மட்டும் இன்னும் கோணல்தான். வெள்ளிக்கிழமை அவளுக்கு ராத்திரி ஷிப்ட். அன்றைக்குக் கதை பாட்டியுடையது என்று சின்னவனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.