கணினி வரையும் லென்ஸும் பல்லாவரத்து ஃபிட்டிங் மேசையும்

பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் உள்ள கண்ணாடிக் கடைகளில், விற்பனை மேசையைத் தாண்டி ஒரு தடுப்புக்குப் பின்னால், லென்ஸை பிரேமின் வடிவத்துக்கு வெட்டிப் பொருத்தும் சிறு வேலையிடம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். தண்ணீர் சொட்டச் சுழலும் வைரச் சக்கரம், பவரைச் சரிபார்க்கும் லென்சோமீட்டர், பிரேமை இளக்கும் ஹீட்டர் ஆகியவற்றுக்கு நடுவே வேலை செய்யும் ஊழியரின் கைக்கு வரும் லென்ஸ், குறிப்பாகத் தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் கோடின்றி ஒன்றாக உதவும் புரோகிரசிவ் லென்ஸ், முதலில் கணினியில் எண்களாகவே உருவாகி, ஒளி அதன் வழியே எப்படிச் செல்லும் என்று ஓட்டிப் பார்க்கப்பட்ட பின்னரே பொருளாகிறது. அந்த எண்கள் அணிபவரின் கண்ணுக்கு எதிரே சரியான இடத்தில் வந்து நிற்பது ஃபிட்டிங் ஊழியர் எடுக்கும் மில்லிமீட்டர் அளவைப் பொறுத்திருப்பதால், அவரையும் அந்த லென்ஸின் வடிவமைப்பில் ஒரு பங்காளியாகக் கருதுவதே முறை.

லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளின் அடிப்படை வேலை கதிர்த் தடமறிதல் ஆகும். அதாவது ஒவ்வொரு பரப்பின் வளைவு, தடிமன், பொருளின் ஒளிவிலகல் எண் ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு ஒளிக்கதிரும் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு திரும்பும் என்பதை ஸ்நெல் விதியின்படி அது கணக்கிட்டுக்கொண்டே போகும். கேமரா, தொலைநோக்கி போன்றவற்றுக்கு ஜீமேக்ஸ், கோட் வி, ஆஸ்லோ ஆகிய பொது மென்பொருள்கள் பயன்படுகின்றன. மூக்குக் கண்ணாடியில் சிக்கல் வேறு விதமானது; லென்ஸ் அசையாமல் நிற்க, அதன் பின்னால் கண் உருண்டு கொண்டேயிருக்கிறது. ஆகவே லென்ஸின் பின்பரப்பிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 27 மி.மீ. தள்ளி, கண் சுழலும் மையத்தை ஒரு புள்ளியாக வைத்து, அந்தப் புள்ளியை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கதிர்கள் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொரு திசையிலும் மிஞ்சும் பிழைகளுக்கு முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்துக் கூட்டினால் கிடைக்கும் ஒற்றை எண் தகுதிச் சார்பு எனப்படும். பரப்பைச் சிறிது சிறிதாக மாற்றி அந்த எண்ணைக் குறைப்பதே மென்பொருளின் ஓயாத உழைப்பு. இதே வகைக் கணக்கை மனிதர்கள் கணினியின்றிச் செய்த காலமும் உண்டு. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் மோரிட்ஸ் ஃபான் ரோர் வடிவமைத்து 1912-இல் வெளிவந்த புங்க்டால் லென்ஸ், விளிம்பு வழியே பார்த்தாலும் காட்சி தெளிவாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் அவ்வாறு பிறந்ததுதான்.

மென்பொருளாலும் மீற முடியாத எல்லை புரோகிரசிவ் லென்ஸில் இருக்கிறது. 1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்னாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் மூலம் பரவிய இவ்வகை லென்ஸில், மேலிருந்து கீழே வரும் நடுக்கோட்டில் பவர் படிப்படியாகக் கூடுகிறது. அப்படிக் கூடும் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில், நடுக்கோட்டை விட்டு விலக விலக, வேண்டாத சிலிண்டர் பவர் வளரும் என்பது 1963-இல் மிங்க்விட்ஸ் நிறுவிய தேற்றம். படிக்கும் பவர் 2.00 கூடுதலாகவும், அது 14 மி.மீ. நீளத்தில் ஏறுவதாகவும் கொண்டால், மில்லிமீட்டருக்கு 0.14 என்ற அளவில் பவர் கூடுகிறது. பக்கவாட்டில் 3 மி.மீ. விலகினாலே ஏறத்தாழ 0.85 சிலிண்டர் சேர்ந்துவிடுகிறது. இந்தச் சிலிண்டர் தரும் மங்கலை ஒழிக்க எந்த மென்பொருளாலும் இயலாது. எங்கே தள்ளிவைப்பது, எவ்வளவு மென்மையாகப் பரப்புவது என்பதே வடிவமைப்பாளரின் தேர்வு. வெள்ளெழுத்து வந்து முதன்முறையாக இதை அணிபவர் பல்லாவரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் படியிறங்கும்போது, படிக்கும் பகுதி வழியே படியைப் பார்த்துத் தடுமாறுவதற்குக் காரணமும் இந்த வடிவியலே.

இத்தனை நுணுக்கமான பரப்புக்கு ஃபிட்டிங் மேசை தரும் தகவல் மிகச் சில எண்கள் மட்டுமே. அவற்றுள் முதலாவது பி.டி., அதாவது பாவைகளுக்கு இடைப்பட்ட தூரம். “நேராப் பாருங்கம்மா, என் இடது கண்ணையே பாருங்க” என்று சொல்லி, வாடிக்கையாளரின் உயரத்துக்கே தம் முகத்தைத் தாழ்த்தி, அளவுகோலை மூக்கின் மேல் பிடிக்கும் ஊழியர் அதை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகவே எடுக்க வேண்டும். பலருக்கு மூக்கின் நடுவிலிருந்து இரு பாவைகளும் சம தூரத்தில் இருப்பதில்லை. அடுத்து, பிரேமை மாட்டிவிட்டு, அதிலுள்ள மாதிரி லென்ஸில் பாவைக்கு நேராக மார்க்கரால் புள்ளி வைத்து உயரம் குறிக்கப்படுகிறது. மைனஸ் 6 பவர் லென்ஸின் மையம் பாவையிலிருந்து 3 மி.மீ. விலகினால், சென்டிமீட்டரில் விலகலைப் பவரால் பெருக்கும் பிரெண்டிஸ் விதிப்படி 1.8 பிரிசம் உண்டாகிறது. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை அந்தக் கண்ணுக்கு அது 1.8 செ.மீ. நகர்த்திக் காட்டும். அந்த வேறுபாட்டை இரு கண்களும் நாள் முழுதும் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டுவதால் வரும் தலைவலிக்குப் பவர் தவறு என்றே பலரும் பழி சொல்கின்றனர்.

பல்லாவரத்துக்குச் சற்று வடக்கே பரங்கிமலையில், சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் கண் பரிசோதனைக் கல்வியை அளித்து வருகிறது. ஆனால் சக்கரத்தின் முன் நிற்பவர்களில் பலர் கடையிலேயே, மூத்தவர் கையைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். பவர் எழுதியவரின் கையொப்பம் சீட்டில் இருக்க, அளவெடுத்தவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை. அவர்களுக்கு முறையான பயிற்சியும், தனித்தனி பி.டி. அளவையும் உயரத்தையும் சீட்டிலேயே குறித்துக் கையொப்பமிடும் பொறுப்பும் கிடைத்தால், அணிபவர்களின் பெரும்பாலான அவதி குறையும்.

புதுக் கண்ணாடியோடு திரும்பி வரும் வாடிக்கையாளரிடம் தேர்ந்த ஊழியர் முதலில் பவரைப் பற்றிப் பேசுவதில்லை. லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்து, 34 மி.மீ. இடைவெளியில் வெற்றுக் கண்ணுக்கு எளிதில் தென்படாதபடி பொறிக்கப்பட்ட இரு நுண்குறிகளைத் தேடி, அவற்றின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்து, தயாரிப்பாளர் தரும் அட்டையில் பொருத்தி, பாவை நிற்க வேண்டிய குறுக்குக் குறியை மீண்டும் வரைகிறார்; பிறகு கண்ணாடியை அவருக்கே மாட்டிப் பார்க்கிறார். குறி பாவைக்கு 2 மி.மீ. கீழே நின்றால், மூக்குத் தாங்கிகளை உள்நோக்கி வளைத்தே பிரேமை உயர்த்திவிடலாம். பக்கவாட்டில் விலகியிருந்தால், அளவைப் புதிதாக எடுத்து லேபுக்கு மறுபடியும் ஆர்டர் எழுத வேண்டியதுதான்.