ஏடும் எழுத்துருவும்

நவராத்திரி நாட்களிலே கும்பத்தின் முன் புத்தகங்களை அடுக்கி வைப்பது நம்மவர் வழக்கம். இப்பொழுது அவ்வடுக்கின்மேல் மடிக்கணினியும் ஏறியிருக்கக் காண்கிறோம். சிலர் கைத்தொலைபேசியையும் வைக்கின்றனர். ஆனால், பூசை நடுவே ஒலித்துவிடுமோ என்ற அச்சத்தால் அதனை விரைவிலேயே எடுத்துக்கொள்கின்றனர். இதனைக் கண்டு நகைப்பாரும் உளர். நான் நகைப்பதில்லை. எழுத்து எங்கே உறைகின்றதோ அங்கே கலைமகளும் உறைகின்றாள் என்பது நம் நம்பிக்கை. எழுத்து இன்று கணினிக்குள் குடிபுகுந்துவிட்டமையால் கணினியும் பூசைக்குரியதாயிற்று.

என் கவலை வேறு. ஏட்டை வைத்திருந்தவர்கள் அதனைக் கும்பிட்டதோடு நின்றவர்களல்லர். இடையிடையே கட்டவிழ்த்துத் தூசி தட்டினர், எண்ணெய் பூசினர், ஓலை சிதையுமுன் புதிய ஓலையிலே பெயர்த்தெழுதினர். அவ்வாறு பெயர்த்தெழுதியோர் பெயர் தெரியாதவர்கள். அவர்கள் ஒரு தலைமுறை சோம்பியிருந்தாலும் சங்க நூல்கள் நம்மிடம் வந்திரா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிலை ஏறத்தாழ வந்துவிட்டது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தபோது, தொட்டால் உதிரும் ஓலைகளோடு எவ்வளவு போராடினார் என்பதனை அவருடைய பதிப்புரைகளே கூறும். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அவருக்குக் கிடைத்த ஓலை எவ்வளவு சிதைந்திருந்தபோதிலும், எஞ்சியிருந்ததை வாசிக்க அவருக்குக் கண்ணும் வெளிச்சமும் பயிற்சியுமே போதியனவாயிருந்தன. ஏட்டை எழுதியவன் எந்த எழுத்தாணியை எந்தக் கடையில் வாங்கினான் என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை.

நம்முடைய நிலை அவ்வாறில்லை. இதனை விளங்கவைக்கப் பாமினியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

இலங்கையிலே கணினியில் தமிழ் தட்டச்சுச் செய்தவர்களுள் பாமினி என்னும் எழுத்துருவை அறியாதவர் அரியர். வினாத்தாள், கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டி மலர், பாடசாலைச் சஞ்சிகை, அலுவலகக் கடிதம் ஆகிய எல்லாம் அதிலேதான் பிறந்தன. அது பரவியதற்குத் தக்க காரணமும் உண்டு. அதன் விசை ஒழுங்கு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கே. ஆதலால், தட்டச்சுப் பொறியிலே கைபழகியவர்கள் மறுபடி அரிவரி படிக்காமலே கணினிக்கு மாறினர்.

அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் சில குறியீடுகளுக்குமே அதனிடம் இடமிருந்தது. எனவே ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். ஜே என்னும் விசையை அழுத்தினால் திரையிலே 'த' தோன்றும். கே என்பது 'ம'. பீ என்பது விசிறி. ஓ என்பது 'ழ'. அரைப்புள்ளி என்பது குற்று. நாம் 'தமிழ்' என்று கண்டு மகிழ்ந்தோம். கணினி தன் நினைவிலே குறித்துக்கொண்டதோ ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்தையே. தமிழ் என்பது வெறும் வேடம். கூத்து முடிந்து உடுப்புப் பெட்டி போய்விட்டால், அரசனாய் ஆடியவன் சாரத்தோடு நிற்பதுபோல, பாமினி எழுத்துரு இல்லாத கணினியிலே அந்தச் சொல் ஆங்கில எழுத்துகளாயே நிற்கும். 'அம்மா' என்று எழுதியதும் அப்படியே: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எவருடைய அம்மாவும் இவ்வாறு அழைத்தால் திரும்பிப் பாராள்.

இதற்கு மாற்று முன்னரே பிறந்துவிட்டது. 1991 இல் வெளியான யுனிக்கோட் முறை, நம்மவர் ஒருங்குறி என்று கூறுவது, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வகுத்தது. அதிலே 'த' 2980, 'ம' 2990, 'ழ' 2996. இந்த எண்கள் வேறு மொழியின் எழுத்தைக் குறியா. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறுமேயன்றி எழுத்து மாறாது. வின்டோஸ் 2000 வெளிவந்தபோது 'லதா' என்னும் ஒருங்குறி எழுத்துருவும் அதனோடு வந்தது. எனினும் அச்சகத்தார் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறித் தமிழை ஒழுங்காகக் கோக்கமாட்டாதது. அச்சகம் பாமினியைக் கேட்டது. ஆசிரியரும் எழுத்தாளரும் பாமினியிலே கொடுத்தனர். அவர்களைக் குறைகூற இடமில்லை. அன்று அச்சில் ஏறுவதே பெரிதாயிருந்தது. ஆனால் அச்சில் ஏறாது, கணினியோடு நின்றுபோனவற்றின் கதி என்ன?

எனக்கு உயர்தரத்திலே தாவரவியல் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர் வேலிகளையும் வயல்களையும் பற்றி ஆண்டுக்கணக்காகக் குறிப்பெழுதியவர். எந்த ஒழுங்கையிலே கிளுவை வேலி நின்றது, பூவரசங்குழையை வயலுக்கு எப்பொழுது தாழ்த்தார்கள், முசுட்டையிலை வறையையும் மொசுமொசுக்கை வறையையும் எந்த நோயாளிக்குக் கொடுத்தார்கள் என்பன போன்றவை. 1995 ஒற்றோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது அவருடைய கொப்பிகள் வீட்டிலே நின்றுவிட்டன; திரும்பி வந்தபோது அவை இல்லை. 2004 ஆம் ஆண்டிலே, ஓய்வு பெற்றபின், நினைவிலிருந்தும் முதியோரை மறுபடி விசாரித்தும் அனைத்தையும் தாமே கணினியிலே பாமினியில் எழுதினார். பின்னர் ஓர் இறுவட்டிலே பதித்து வைத்தார். நூலாக்கும் விருப்பம் இருந்தது; பணம் இருக்கவில்லை.

அவர் காலமான பின்னர் அவருடைய மனைவியார் அந்த இறுவட்டை ஒரு பழைய பிஸ்கற் பேணியினுள்ளே வைத்து என்னிடம் கொணர்ந்தார். "தம்பி, இவர் எழுதினது முழுக்க இதுக்கை கிடக்கு எண்டு சொன்னவர். எனக்கு ஒருக்கால் வாசிச்சுக் காட்டுவியளோ?" என்றார்.

என் மடிக்கணினியிலே இறுவட்டுப் போட வாயில் இல்லை. பாடசாலை அலுவலகத்துப் பழைய கணினியிலே போட்டோம். ஒன்பது கோப்புகள் இருந்தன, எட்டுத் திறந்தன. நாம் வீட்டிலே பதியும் இறுவட்டுகளில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெப்பமும் வெளிச்சமும் அதனை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஒன்பதாவது கோப்பு அவ்வாறு போயிற்று. திறந்த எட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த் திரையை நிறைத்தன. அம்மையார் அதனைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இவர் இங்கிலீசிலேயே எழுதினவர்?" என்று கேட்டார்.

பாமினியை ஒருங்குறியாக மாற்றித்தரும் மென்பொருள்கள் இணையத்திலே விலையின்றிக் கிடைக்கின்றன. எட்டுக் கோப்புகளும் ஒரு மாலைப்பொழுதிலே தமிழாயின. ஆனால் அங்கேயும் ஓர் இடர். ஆசிரியர் ஒவ்வொரு செடிக்கும் அதன் ஆங்கிலப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் ஆங்கில எழுத்திலே எழுதியிருந்தார். மாற்றும் மென்பொருளுக்கு எது வேடமிட்ட தமிழ், எது மெய்யான ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். வேம்பின் பக்கத்திலே 'நீம்' என்று ஆங்கிலத்தில் நின்றது 'நெநஅ' என்று மாறிக் கிடந்தது. விஞ்ஞானப் பெயர்கள் வாயில் நுழையாத வேறு உருவங்கள் எடுத்திருந்தன. இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இவ்வாறு ஆயின.

இதனை உயர்தர மாணவர்களிடம் கூறியபோது ஒருவன் எழுந்து, "சேர், இந்தச் செடிகளைப் பற்றிக் கூகிளிலே தேடினாற் கிடைக்குந்தானே?" என்றான். நல்ல கேள்வி. தேடிப் பார்க்கும்படி கூறினேன். வேம்பும் தூதுவளையும் உடனே கிடைத்தன. எங்கள் ஊர்க் குளத்தடியில் நின்ற குறிஞ்சாவை எவர் எப்பொழுது பறித்து எவ்வாறு சமைத்தார் என்பது கிடைக்கவில்லை. எவரோ ஒருவர் எழுதி ஏற்றியதே அங்கே இருக்கும்; எவரும் ஏற்றாதது அங்கே இராது. ஆசிரியருடைய குறிப்பு ஒரு பிஸ்கற் பேணியில் இருந்தது. அது கூகிளுக்கு எவ்வாறு தெரியும்?

நம் சமூகத்துக்கு இவ்விடயத்தில் விசேட அக்கறை இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 90,000 இற்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. தீயைப் பற்றி நாம் இன்றும் பேசுகிறோம்; பேசவும் வேண்டும். ஆனால் இறுவட்டின் சாயம் வெளிறுவதற்குச் சத்தமில்லை, புகையில்லை, குற்றஞ்சாட்ட எதிரியுமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இலே தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகமும் அச்சில் வந்த நூல்களையும் சஞ்சிகைகளையும் பேணிப் பெருந்தொண்டு செய்கின்றன. எனினும் உங்கள் வீட்டு அலுமாரியிலே கிடக்கும் இறுவட்டை அவர்கள் வந்து எடுப்பார்கள் என்று இருத்தல் தகாது.

இளைஞர் பலர் இப்பொழுது தமிழை ஆங்கில எழுத்திலே தட்டி அனுப்புகின்றனர். இதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளும் பெரியோர், தாம் இருபது ஆண்டுகளாகப் பாமினியில் எழுதியதும் கணினியின் கணக்கில் ஆங்கில எழுத்தே என்பதனை அறிந்தால் சிறிது அமைதியடைவர். இன்று எந்தக் கைத்தொலைபேசியிலும் ஒருங்குறித் தமிழ் விசைப்பலகை உண்டு. அதனைப் பழக ஒரு வாரம் போதும்.

வீடுகளிலே செய்யக்கூடியவை பல. பழைய இறுவட்டும் மூன்றரை அங்குல நெகிழ்வட்டும் இருக்குமாயின் இவ்வாண்டே திறந்து பாருங்கள். அந்த நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைற், இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே அது பெரும்பாலும் போதாது. ஆனால் ஒரு நூல் முழுவதும் அதிலே இருக்கக்கூடும். அதனை வாசிக்கும் கருவி உங்கள் ஊரில் இன்னும் எவரிடமாவது இருக்கும்போதே வாசித்தல் நன்று. எடுத்ததை ஒருங்குறிக்கு மாற்றி இரண்டு இடங்களிலே வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருப்பது நலம். முக்கியமானதை அச்சுப்பிரதியும் எடுங்கள். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலே போட்டுவிட்டோம், அதுவே போதும் என்று கருதுவோர் பலர். அங்கே அனுப்பும் படம் வழமையாகச் சுருக்கப்பட்டே போகிறது. தொலைபேசி பழுதாகிப் புதியது வாங்கும் நாளிலே பழைய குரற்செய்திகள் தொலைந்துபோன வீடுகளை நான் அறிவேன். அப்பம்மாவின் குரல் அவ்வாறு போனபின் அதனை எங்கே தேடுவது? படங்களிலே இருப்பவர் யார், எந்த ஆண்டு என்று எழுதிவைக்க மறவாதீர். ஆயிரம் படம் இருந்தும் ஒருவர் பெயரும் தெரியாத நிலை ஓலை உதிர்ந்ததற்கு ஒப்பானதே.

ஆசிரியருடைய குறிப்புகளுக்கு வருவோம். குழம்பிய விஞ்ஞானப் பெயர்களை மீட்கும் வேலையைத் தாவரவியல் பயிலும் மாணவர் எடுத்துக்கொண்டனர். தமிழ்ப் பெயரைக் கொண்டு செடியை இனங்கண்டு, நூலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தினர். மொசுமொசுக்கையை அவர்களுள் ஒருவரும் கண்டதில்லை. மறுநாள் ஒரு மாணவி தன் பேர்த்தியார் பறித்துக் கொடுத்த கொடியைச் சுருட்டிப் பையிலே கொண்டுவந்தாள். அதன் சுணையைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சொறிந்துகொண்டதோடு அன்றைய பாடம் முடிந்தது.

எட்டு அத்தியாயங்களையும் பெரிய எழுத்திலே அச்சிட்டு அம்மையாரிடம் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே வாசித்தார். இரண்டு இடங்களிலே, "இவர் இப்பிடி எழுதமாட்டார்" என்று பென்சிலாற் கோடிட்டுத் தந்தார். கோப்பைச் சோதித்தபோது மாற்றத்திலே கொம்பு இடம்மாறியிருந்தமை தெரிந்தது.

திறவாத ஒன்பதாவது கோப்பு, தரவை நிலத்துப் பூண்டுகளைப் பற்றியது என்று அதன் பெயரால் அறிகிறோம். கொழும்பிலே பழுதான இறுவட்டுகளைப் பார்ப்பவர் ஒருவரிடம் அனுப்பினோம். இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதைக் கூறச் சென்றபோது அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தரவைக்கு அவர் போன நாட்களிலெல்லாம் தாமும் கூடப் போனதாகவும், பூண்டுகளின் பெயர்களைத் தமக்குச் சொல்லிக்கொண்டே அவர் எழுதியதாகவும் கூறினார். இப்பொழுது சனிக்கிழமைகளிலே இரண்டு மாணவியர் கொப்பியோடு அவர் வீட்டுக்குச் செல்கின்றனர். இதுவரை பதினொரு பூண்டுகள் எழுதியாயிற்று.