நீரில் நிற்கும் காடு

வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டுகளில், கார்த்திகை பிறந்ததும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களுக்குள் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். கரிசல் காடுகளைக் கடந்து வருபவருக்கு, வறண்ட நாட்டின் நடுவே ஒரு சதுப்புக்காடு முளைத்ததுபோலத் தோன்றும்.

நீர் நிறைந்த மண்ணில் உயிர்வளி புகுவதில்லை. பெரும்பாலான மரங்களின் வேர்கள் அதில் அழுகிவிடும். நாட்டுக்கருவேலமோ மாதக்கணக்கில் நீரையும் தாங்கும்; அதன்பின் வரும் கோடையையும் தாங்கும். இவ்விரண்டும் ஒருசேர வாய்த்த மரங்கள் மிகச் சில.

உலகின் வடகோடியிலும் நீரில் நிற்கும் காடுகள் உண்டு. கனடா, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் சதுப்புகளில் ஊசியிலை மரங்கள் வளர்கின்றன. அங்கே மண் என்றும் ஈரமாகவும் குளிர்ந்தும் இருப்பதால், மடிந்த பாசியும் உதிர்ந்த இலையும் முழுதும் மட்குவதில்லை. அவை அடுக்கடுக்காகப் படிந்து முற்றா நிலக்கரியாகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் படிய ஆயிரம் ஆண்டுகள்! ஊட்டம் குறைந்த அந்நிலத்தில் நூறு வயது மரமும் கைத்தடிமன் அளவே பருத்திருப்பதுண்டு. உலக நிலப்பரப்பில் இத்தகைய கரிப்படிவ நிலங்கள் 3 விழுக்காடே. ஆயினும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கார்பனை அவை அடக்கி வைத்துள்ளன.

தமிழ்நாட்டிலும் நீலகிரியின் பள்ளங்களில் இப்படிவம் உண்டு. இரா. சுகுமாரும் உடனாய்வாளர்களும் அதை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் அங்குப் புல்லும் மரமும் மாறி மாறி ஓங்கிய வரலாற்றை 1993-இல் வெளியிட்டனர்.

திருச்சுழிக் கண்மாயில் அது படியாமைக்குக் காரணம் சித்திரை வெயில். நீர் வற்றி உள்வாய் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று புகுந்ததும், நுண்ணுயிர்கள் ஈரம் உள்ளவரை மட்கு வேலையை நடத்துகின்றன. எஞ்சுவது வண்டல். உழவர் அதை அள்ளி வயலுக்கு இடுவர். வடக்குக் காடு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்து வைப்பதை, கண்மாய்க் காடு ஆண்டுதோறும் பங்கிட்டுத் தந்துவிடுகிறது.

மரத்தின் கொடையும் சிறிதன்று. நெற்று ஆடுகளுக்கு, வைரம் பாய்ந்த கட்டை கலப்பைக்கு, கிளைகள் பறவைகளுக்கு. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் கண்மாய்க் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த நீர் பயிருக்கு உரமாகிறது. இவ்விரு இடங்களும் 2022-இல் ராம்சார் பட்டியலில் அறிவிக்கப்பட்டன. 1981-இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழகக் கண்மாய்கள் பலவற்றில் கருவேலம் நடப்பட்டது. அதற்கு நிதி உதவியது ஊசியிலைச் சதுப்புகளின் நாடாகிய சுவீடன் என்பது சுவையான செய்தி.

இன்று அதே உள்வாய்களில் சீமைக்கருவேலம் புதராக மண்டியுள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் கரிமூட்டத் தொழிலாளர்க்குச் சோறிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கண்மாய் அதற்குரிய இடமன்று. அகற்றத்தான் வேண்டும். இயந்திரத்தை இறக்குமுன் ஒன்றைக் கவனித்தாக வேண்டும்; இருவகையும் முள்மரங்களே, இரண்டின் இலைகளும் பொடியானவையே. பூத்திருந்தால், நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலத்தின் பூ வால்போல் நீண்ட கதிர். கோடையில் நெற்றைக் காணலாம். நாட்டுக்கருவேலத்தின் நெற்று விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலைபோல் தொங்கும். ஆடு மேய்ப்பவர்கள் அதைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுவார்கள்.