படகின் மூடி யாரிடம்?



கொஞ்சம் நீளமான பதிவு. கிண்ணியாவிலும் சுற்று ஊர்களிலும் தொழிலுக்கில்லாமல், பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு உலாப் போவதற்கென்று படகு வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். எங்கள் வெட்கத்தை நாங்களே ஊருக்குச் சொல்கிறோம். ஒரு குடும்பத்துக்குப் பயன்பட்டாலும் போதும்.

நாங்கள் ஐந்து பேர். கல்வியியற் கல்லூரியில் ஒரே அணியில் படித்தோம், ஒரே விடுதியில் கிடந்தோம். இன்று வெவ்வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். 2019இல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, 18 அடி ஃபைபர் படகொன்றையும் 15 குதிரைவலு பெற்றோல் எஞ்சினொன்றையும் பாவித்த நிலையில் வாங்கினோம். மீன் பிடிக்க அல்ல. லீவு நாளில் தம்பலகமம் குடாவுக்குள் போய், கண்டல் ஓரமாக நிழல் பார்த்து நின்று, கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்கு.

2009இல் பாலம் திறக்கும் வரை இந்தத் தண்ணீரைப் பாதையில் கடந்துதான் எங்கள் வயதுக்காரர் வளர்ந்தோம். எங்கள் பிள்ளைகள் பாலத்துக்கு மேலால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர் பழக வேண்டும் என்ற ஆசையில்தான் படகு வாங்கினோம்.

பிறகு 2021 நவம்பர் 23 வந்தது. குறிஞ்சாக்கேணியில் அன்று காலை பாடசாலைக்குப் போன பிள்ளைகளை நாம் இழந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் கதிரை என்னவென்று ஊரிலுள்ள எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீடுகளில் படகு என்ற சொல்லையே எடுக்க முடியவில்லை. 2022இல் பெற்றோலும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கே வரிசையில் நின்ற காலத்தில் உலாப் போகும் படகுக்கு எண்ணெய் தேடுவது பாவம் போலிருந்தது. படகு எங்களில் ஒருவரின் வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது.

2023 நோன்புப் பெருநாள் முடிந்து நாலாம் நாள் மீண்டும் இறக்கினோம். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் நாலு பேர். மற்ற இரண்டு நண்பர்களும் வரவில்லை. எஞ்சின் நல்லபடியாக ஓடியது. பாலத்துக்குக் கீழால் போகும்போது பிள்ளைகள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குடாவுக்குள் போய், நீர்க்காகங்களைக் காட்டுவதற்காக எஞ்சினை நிறுத்தினோம்.

ஐந்து நிமிடம்கூட இருக்காது. எங்களில் ஒருவரின் மகள், ஏழு வயது, அமைதியாகச் சொன்னாள்: "வாப்பா, என்ட செருப்பு மிதக்குது."

பார்த்தோம். அடிப்பலகைக்கு மேலால் தண்ணீர் வந்திருந்தது. படகின் பின்பக்கத்தில், அடியில் சேரும் தண்ணீர் வடிவதற்கென்று ஒரு துளை இருக்கும். அதன் மூடி இல்லை. படகு வேகமாக ஓடும்போது அந்தத் துளையால் தண்ணீர் பெரிதாக உள்ளே வராது, சில வேளை உள்ளிருப்பதும் வெளியே போகும். நின்றவுடன்தான் ஏறத் தொடங்கும். அடிப்பலகை மறைத்ததால் அதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

துவாயை முறுக்கித் துளைக்குள் திணித்தோம். தண்ணீர் இறைக்க வைத்திருந்த வாளியைத் தேடினால், அது யாரோ வீட்டில். பிள்ளைகளின் சோற்றுப் பெட்டிகளால் இறைத்தோம். எஞ்சின் மூன்றாவது இழுவையில்தான் பிடித்தது. உயிர்காப்பு அங்கிகள் ஏழு பேருக்கு ஐந்துதான் படகில் இருந்தன. நாலு பிள்ளைகளும் போட்டிருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெரியவர்களில் ஒருவருக்கு நீந்தத் தெரியாது. குடாவில் அந்த இடம் ஆழமில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஆழம்தான்.

பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தோணியைக் கொண்டுவந்து சேர்த்து, பிள்ளைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்த பிறகும் எங்களை ஏசவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "மூடியக் கையால தொட்டுப் பாக்காம நாங்க வலையே ஏத்திறல்ல, சேர்."

மூடி எங்கே போனது? அன்றிரவு ஐந்து பேரும் உட்கார்ந்து விசாரித்தோம். வராத நண்பர்களில் ஒருவரின் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இருந்தது. பெருநாளுக்கு முந்திய வாரம் பின்னேரத்தில் இடிமழை பெய்தது. படகுக்குள் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் என்று அவர் போய் மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியவிட்டிருக்கிறார். 2017இல் டெங்கு நம் ஊரை என்ன பாடு படுத்தியது என்பதை மறந்தவர் யாருமில்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. தொலைந்துவிடக் கூடாதென்று மூடியைப் பத்திரமாக எடுத்து வைத்ததும் சரி. எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாளியைக் கொண்டுபோனவர் அதைக் கழுவத்தான் கொண்டுபோனார். இரண்டு அங்கிகளைக் கொண்டுபோனவர் அறுந்த வாரைத் தைக்கத்தான் கொண்டுபோனார். எல்லாரும் படகுக்கு நல்லதே செய்திருக்கிறோம். அன்று ஏறிய மூன்று பேரில் ஒருவராவது குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தோமா என்றால், இல்லை. மற்ற இருவரில் ஒருவர் பார்த்திருப்பார் என்று மூவருமே நினைத்தோம்.

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள் தங்கள் பங்கில் துளை போட நினைத்த ஹதீஸை எங்களில் இருவர் வருடா வருடம் வகுப்பில் படிப்பிக்கிறோம். தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாரும் அழிவோம் என்று விளக்கமும் சொல்கிறோம். எங்கள் படகில் யாரும் துளை போடவில்லை. இருந்த துளையை மூடுவது யார் என்று பேசிக்கொள்ளாமல் ஏறினோம்.

அதற்குப் பிறகு படகை வைத்திருக்கும் முறையையே மாற்றினோம். இரண்டு மாதம் எஞ்சின் திருத்துபவரிடமும் மீனவர்களிடமும் போய் மாணவர் போல நின்று கேட்டுப் படித்தது இது. உங்களுக்கும் உதவும்.

கரைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை முதலில். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை அப்படியே கழற்றி வைக்கக் கூடாது. அதன் குளிரூட்டும் வழிகளில் தண்ணீர் காய்ந்ததும் உப்புப் படியும். நாளாக நாளாக வழி சுருங்கி எஞ்சின் சூடேறும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால்பகுதியை அதற்குள் இறக்கி, நியூட்ரலில் 10 நிமிடம் மெதுவாக ஓட விடுகிறோம். திறந்த வெளியில்தான், புகை ஆபத்து. தண்ணீர் இல்லாமல் ஒரு கணமும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே தண்ணீரை இழுக்கும் இறப்பர்ச் சில்லு சில வினாடிகளில் கருகிவிடும். ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு துவாரத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். அது மெலிந்தால் அடைப்பு இருக்கலாம், அல்லது அந்தச் சில்லு தேய்ந்திருக்கலாம்.

அடுத்த உலாவுக்கு நாளாகும் என்றால், எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை அதே பீப்பாவில் ஓட விடுங்கள். கார்பரேட்டரில் தங்கும் பெற்றோல் நாள்பட்டால் பசைபோலாகி நுண்துளைகளை அடைக்கும். 2022இல் எண்ணெயோடு கிடந்த எங்கள் எஞ்சினைத் திரும்ப ஓட வைக்கக் கொடுத்த கூலி எங்களுக்குப் பாடம். எங்களுடையது இரண்டடி எஞ்சின், 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் கலக்கிறோம். தேவைக்கு மட்டும்தான் கலக்கிறோம், மிச்சம் வைப்பதில்லை.

படகின் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரால் கழுவி, பொச்சால் தேய்த்தால் பாசி அன்றே போய்விடும். ஒரு வாரம் விட்டால் ஒரு நாள் வேலை. ஒட்டிய சிறு சிப்பிகளைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், ஃபைபரின் மேற்பூச்சுக் கீறுப்பட்டால் தண்ணீர் உள்ளே ஊறும். பலகைத் துண்டு போதும். கழுவும் தண்ணீரோடு ஒயிலையும் சவர்க்காரத் தூளையும் களப்புக்குள் விட வேண்டாம். அந்தப் பெரியவர் இறால் பிடிப்பதும் அதே தண்ணீரில்தான்.

மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினின் காற்றாடியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீரில் கிடக்கும் தங்கூசி அதன் தண்டில் சுற்றினால் வெளியில் தெரியாது, உள்ளே சீலை அறுத்துவிடும். கியர் ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், தாமதிக்க வேண்டாம். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் சிறு நாகத்துண்டு ஒன்று பொருத்தியிருக்கும். உப்புத் தண்ணீர் மற்ற உலோகத்தை அரிக்காமல் அதை அரிக்கட்டும் என்பதற்காக வைத்தது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் மேல் பெயின்ற் அடித்தால் அது வேலை செய்யாது. நாங்கள் அடித்திருந்தோம்!

அங்கிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். வெயிலில் துணி உக்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வாரையும் கொளுவியையும் இழுத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவில் அங்கி வேண்டும். பெரியவர்களின் அங்கி சிறுபிள்ளையின் தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

மாரி வருமுன் படகைக் கவிழ்த்து வைக்கிறோம், அல்லது முன்பக்கத்தை உயர்த்தி, மூடியைக் கழற்றித் தறப்பாளை இறுக்கிக் கட்டுகிறோம். தறப்பாளின் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரிலும் நுளம்பு முட்டையிடும். மழை விட்டதும் போய்த் தட்டிவிட வேண்டும். ஆகவே மூடியைக் கழற்றுவதை நாங்கள் நிறுத்தவில்லை. கழற்றிய மூடி இப்போது எங்கும் போவதில்லை. துளைக்குப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டியிருக்கிறோம். கழற்றுபவர் எஞ்சினின் இழுகயிற்றுக் கைபிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். மூடியைப் போட்டவர்தான் அதை அவிழ்க்கலாம். துணி இருக்கும்போது எஞ்சினை யாரும் இழுக்க முடியாது.

அதோடு ஒரு கொப்பியும் வைத்திருக்கிறோம். ஆசிரியர் புத்தி வேறு எங்கே போகும்? திகதி, மூடி, வாளி, அங்கிகளின் எண்ணிக்கை, எஞ்சின் கழுவியது, வீட்டுக்குக் கொண்டுபோன பொருள், கையொப்பம். ஒரு மாதம் ஒருவர் பொறுப்பு. அந்த மாதம் படகில் எது குறைந்தாலும் அவரைத்தான் கேட்போம். முதலில் எங்களுக்கே சிரிப்பாக இருந்தது. நட்புக்குள் கையொப்பமா என்று ஒருவர் கோபித்தும் கொண்டார். இப்போது அவருடைய பக்கங்கள்தான் மிகச் சுத்தமாக இருக்கின்றன.

அன்று எங்களை வழிமறித்து யாராவது கேட்டிருந்தால், படகு நன்றாக இருக்கிறது என்றுதான் ஐந்து பேரும் சொல்லியிருப்போம். வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்றுதான் இருந்தது. பெருநாள் படமும் எடுத்துப் போட்டோம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்பக்கத்தில் மூடியில்லாத துளை தெரிகிறது. நாங்கள் அதை அழிக்கவில்லை.

அடுத்த லீவு வருகிறது. பிள்ளைகள் கேட்பார்கள், நீங்களும் இறக்குவீர்கள். இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஒருக்காப் போய் உங்கள் படகின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். அங்கிகளை எண்ணுங்கள். கூட்டாக வாங்கிய படகென்றால் பங்காளிகளைக் கூப்பிட்டு, எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

செருப்பு மிதந்ததைச் சொன்ன பிள்ளை இப்போதும் எங்களோடு வருகிறாள். ஏறுவதற்கு முன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, கொப்பியில் தன் பெயரையும் எழுதிவிட்டுத்தான் ஏறுவாள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

அல்லாஹ் நம் எல்லாருடைய பிள்ளைகளையும் தண்ணீரிலும் தரையிலும் பாதுகாப்பானாக. ஆமீன்.